மட்டை பார்த்த ஆடி மாதம்

ஜூலை 20, ஞாயிறு

இன்று கோல்ஃப் மைதானத்தில் முதல் குழிக்கு நான் அடித்தபோது பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. மட்டையின் தலைதான் கழன்று போனது. நல்ல தூரம் போனது. நான் வழக்கமாகப் பந்தை அனுப்பும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். புல்லில் மேய்ந்துகொண்டிருந்த மயில் ஒன்று பதறி ஓடியது. வெறும் தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றதைப் பார்த்து, அடுத்த முறைக்குக் காத்திருந்த டாக்டர்கள் கூட்டம் கை தட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டு வைத்தேன்.

"பந்தை விட மட்டை நல்லாப் பறக்குது வேலு. அடுத்த தடவை பந்தை வெச்சு மட்டையை அடி" என்றார் தண்டபாணி.

தண்டபாணி இப்போது எனக்குச் சம்பந்தி. என் மகள் நிரஞ்சனாவை அவர் மகன் கௌதமுக்குக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நாங்கள் ஜோடி. அவர் ஸ்பின்னிங் மில் முதலாளி. நான் கணபதியில் பம்புசெட்டுக்கு வார்ப்பு வார்க்கும் சின்னப் பவுண்டரிக்காரன், ஐ.டி.ஐ. டர்னர். கோல்ஃப் என்றால் ஏதோ கார் பெயர் என்று நினைத்திருந்தவனை மைதானத்துக்குக் கூட்டிப் போனவரே அவர்தான். புது செட்டு வாங்கியபோது தன் பழைய செட்டை என் டிக்கியில் போட்டு, "ஆடு வேலு" என்றார். எட்டு வருஷமாக அதில்தான் ஆடுகிறேன். நூற்றுப் பத்து அடிக்குள் ஆட்டத்தை முடித்தால் அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் என் செலவில் பிரியாணி. என் மனைவி கலாமணி அந்த நம்பிக்கையில் ஒருநாளும் சமைக்காமல் இருந்ததில்லை.

இந்த டைரி பழைய இரும்பு வியாபாரி கொடுத்தது. ஜனவரியில் நான்கு நாள் எழுதிவிட்டு நிறுத்தினேன். மட்டைத் தலை பறந்த தினம் பதிவாக வேண்டும் என்று தோன்றியதால் இன்று எடுத்தேன்.

புது மட்டை வாங்க வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

போனில் புது மட்டை என்று ஒருதடவைதான் தேடினேன். அதற்குள் போன் என்னைப் பெரிய ஆட்டக்காரன் என்று முடிவு கட்டிவிட்டது. திறக்கும் இடமெல்லாம் மட்டை. தண்டு கிராஃபைட்டா ஸ்டீலா, தலை குழிவானதா தட்டையானதா, தண்டு எவ்வளவு விறைப்பு. பெண் பார்க்கும்போதுகூட நான் இத்தனை கேள்வி கேட்கவில்லை. கலாமணியிடம் சொன்னேன். "அன்னிக்கு உங்களைக் கேக்கவே உடலை, உங்கப்பா தானே கேட்டாரு" என்றாள். அதுவும் சரிதான்.

ஜூலை 26, சனி

சாயங்காலம் மாப்பிள்ளை வந்திருந்தார். நிரஞ்சனா தலைப்பிரசவத்துக்கு வந்தது மாசியில். ஏப்ரல் கடைசியில் பேத்தி பிறந்தாள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை வருவது இது மூன்றாவதோ நான்காவதோ. வேலை அதிகம், பாவம்.

மாப்பிள்ளை கூச்ச சுபாவம். சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, பாப்பா பால் குடிச்சுதான்னு கேளுங்க" என்றார். நிரஞ்சனா மூன்றடி தள்ளி நின்றிருந்தாள், கையில் குழந்தையோடு, உட்காரக்கூட இல்லை. நான் திரும்பி, "அம்மிணி, பாப்பா பால் குடிச்சுதா?" என்றேன். "குடிச்சுதுப்பா." திரும்பி, "குடிச்சுதாமுங்க" என்றேன். "ஊசி எப்பன்னு கேளுங்க மாமா." கேட்டேன். "புதன்கிழமைப்பா." சொன்னேன். அரை மணி நேரம் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு வேலை பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன், ஒரு கால்கூட விட்டுப்போகவில்லை.

அவர் போனதும் இதைச் சொல்லிச் சிரித்தேன். கலாமணி சிரிக்கவில்லை. நிரஞ்சனா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நகைச்சுவைக்கு ஒரு நேரம் இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

பாலக்காட்டுப் பக்கமிருந்து ஆடிக் காற்று. பந்தை வைத்தால் நிற்கவில்லை, தானே உருண்டு போனது. கிளப்பில் வாடகைக்கு எடுத்த மட்டையோடு ஆடி நூற்றிருபதைத் தாண்டினேன். எண்ணுவதை நிறுத்திவிட்டேன் என்பதுதான் உண்மை.

ஒன்பதாம் குழி தாண்டி மோர் குடிக்கும்போது சம்பந்தி, "நீ கடை கடையா அலையாதே. எனக்கு ஆர்டர் போட்ட அதே செட்டு உனக்கும் ஒண்ணு துபாய்ல சொல்லியிருக்கேன்" என்றார்.

"அது உங்க மாதிரி ஆடறவங்களுக்குங்க சம்பந்தி. எனக்கு எதுக்குங்க?"

"நல்ல மட்டை கைக்கு வந்தா ஆட்டம் தானா வரும். உனக்கு எது சரின்னு எனக்குத் தெரியாதா?"

மோரைக் குடித்து முடித்துவிட்டு, "ஆவணி பன்னெண்டு, வியாழக்கிழமை. நாள் நல்லாருக்குது. புள்ளையையும் அம்மாவையும் அன்னிக்கு வந்து கூட்டிட்டுப் போயிடறோம். செட்டும் அன்னிக்கே குடுத்துடறேன். ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சுரும்" என்றார்.

"சரிங்க" என்றேன். அவரிடம் நான் சரிங்க என்று சொல்லாத விஷயம் எது என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஒருதடவை சிக்னல் சிவப்பு என்று சொல்லி மறுத்திருக்கிறேன்.

வீட்டில் தேதியைச் சொன்னேன். நிரஞ்சனா குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஜூலை 30, புதன்

குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு வரும்போது நிரஞ்சனாவே, "அப்பா, அந்த மட்டைக் கடைக்குப் போலாமா? உங்க இடுப்பு எதனால வலிக்குதுன்னு எனக்குப் பார்க்கணும்" என்றாள். அவள் பிசியோதெரபி படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அதன்பிறகு போகவில்லை. கண்டவர் காலையெல்லாம் தொடும் வேலை அந்த வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இங்கே வந்ததிலிருந்து அவளிடம் நோயாளி நான் ஒருவன்தான்.

கடை அவிநாசி ரோட்டில். உள்ளே வலை கட்டி, அதற்குள் அடிக்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெட்டி நம் அடியை அளக்கிறது. அளந்து சொன்னவர் பெள்ளிராஜ், கோத்தகிரிக்காரர். என் செட்டிலிருந்து ஏழாம் நம்பர் மட்டையை உருவித் திருப்பிப் பார்த்தார்.

"யார் செட்டு சார் இது?"

"என்னுதுதானுங்க."

"இல்ல சார், யாருக்கு அளவெடுத்துச் செஞ்சது?"

"சம்பந்திக்குங்க. ஆறடி உசரம்."

அவர் என்னை ஒருதடவை மேலிருந்து கீழே பார்த்தார். ரொம்ப நேரம் ஆகவில்லை. மட்டையின் அடியில் ஒரு டேப் ஒட்டி, பலகை மேல் நின்று அடிக்கச் சொன்னார். அடித்தபின் டேப்பைக் காட்டினார். தரையில் பட்ட கறை நடுவில் இருக்க வேண்டுமாம். என்னுடையது ஓரத்தில், தண்டு சேரும் குதிகால் பக்கம் இருந்தது.

"ஒரு இன்ச்சுக்கு மேல நீளம் சார். இது உங்களுக்குச் சேரணும்னு நீங்க பின்னாடி சாஞ்சு, கையை முறுக்கி அடிக்கிறீங்க. பந்து வலது பக்கமா வளைஞ்சு போகுமே?"

"வலது பக்கம் தென்னந்தோப்புக்காரர் எனக்கு ரொம்பப் பழக்கமுங்க. போன வாரம் எளநி வெட்டிக் குடுத்தாரு."

அவர் சிரித்துவிட்டு, "உங்க மேல தப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா பாதித் தப்பு உங்களோடது இல்ல" என்றார்.

எட்டு வருஷமாக நான் திட்டியதெல்லாம் என்னைத்தான். மட்டையை ஒருநாளும் திட்டியதில்லை. நல்ல கம்பெனி மட்டை, பெரிய மனிதர் கொடுத்தது.

நிரஞ்சனா குழந்தையைத் தோளில் போட்டபடி கேட்டாள். "எட்டு வருசமா இதுலயாப்பா ஆடறீங்க? வலிச்சிருக்குமே."

"மொதல்ல வலிச்சுது. அப்பறம் பழகிருச்சு அம்மிணி."

அவள் காற்று வேண்டும் என்று வெளியே போய் நின்றுகொண்டாள். ஏ.சி. அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

பெள்ளிராஜ் என் அடியின் வேகத்துக்கு லேசான தண்டு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பெயர் சீனியர். ஐம்பத்தெட்டு வயதில் பஸ்ஸில்கூட அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் அடித்துப் பழக ஒரு ஏழாம் நம்பரைச் சும்மா ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்பினார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கோயம்புத்தூர்க்காரன் கையில் எந்தச் சாமானைக் கொடுத்தாலும் அடுத்த நிமிஷம் ஒரு நினைப்பு வரும். இதை நாமே செய்யலாமே.

கடைக்காரர் கொடுத்த ஏழாம் நம்பரைப் பவுண்டரிக்கு எடுத்துப் போனேன். தலை என்பது என்ன? வார்ப்புதானே. பம்புக்கு எத்தனை வளைவு நெளிவோடு வார்க்கிறோம். இது ஒரு கரண்டி அளவு. மோல்டர் ஆறுச்சாமியிடம் காட்டினேன். அவர் மட்டையை விரலில் தொங்கவிட்டுத் தட்டிச் சத்தம் கேட்டார்.

"வாத்துப்போடலாமுங்க மொதலாளி. எத்தனை உருப்படி ஆர்டர்?"

"ஒண்ணு."

"பார்ட்டி யாருங்க?"

"நான் தான்."

அவர் அட்வான்ஸ் கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் மரியாதை.

ஆகஸ்ட் 2, சனி

வார்ப்பு அருமையாக வந்தது. ஒரு ஓட்டை இல்லை, ஒரு பொருக்கு இல்லை. தட்டினால் கோயில் மணி மாதிரி கேட்கிறது. தேய்த்து மெருகேற்றி, பழைய தண்டில் மாட்டி, பின்பக்கக் காலி இடத்தில் ஓங்கினேன். தலை தரையில் இறங்கி நின்றுவிட்டது. எடுக்க இரண்டு கை வேண்டியிருந்தது. உடைந்தால் குறை சொல்வார்களே என்று எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கனம் கூட்டியிருக்கிறேன். பம்பு வார்க்கிற கை. எங்கே மெலிந்தால் உடையும் என்று மட்டுமே அதற்குத் தெரியும்.

கலாமணி பார்த்துவிட்டு, "எளந்தேங்கா ஒடைக்கலாம்" என்றாள். உடைத்தும் பார்த்தாள். உடைகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

ஆட்டம் இல்லை. காலையில் பேரூர் ஆற்றங்கரை. கூட்டம். தண்ணீர் கொஞ்சம்தான்.

மத்தியானம் இடுப்புக்கு வைத்தியம். பாயில் குப்புறப் படுக்க வைத்து நிரஞ்சனா முழங்கையால் அழுத்துவாள். நேற்றைய ஓங்கலில் பழைய இடத்திலேயே பிடித்திருந்தது. அப்போது சொன்னாள்.

"அப்பா, நான் திரும்பிப் போகலை."

"எங்கே?"

"அவங்க ஊட்டுக்கு."

"ஆடி முடியட்டும் அம்மிணி. ஆடியில யாரு போகச் சொன்னாங்க?"

"ஆடி முடிஞ்சா ஆவணி. ஆவணியிலயும் போகலை. அதுக்கப்பறமும் போகலை."

எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் முழங்கையை எடுக்கவில்லை. முகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

"அடிச்சாரா?"

"இல்லைப்பா. அடிச்சிருந்தா உங்களுக்குப் புரியற மாதிரி எப்பவோ சொல்லியிருப்பேன்." கொஞ்ச நேரம் அழுத்தினாள். "பேச மாட்டாரு. மறுபடி வேலைக்குப் போறேன்னு சொன்னேன், அதுக்குத்தான் மொதல்ல. ஒரே டேபிள்ல உக்காந்து சாப்புடுவோம். 'அந்தம்மாவுக்குச் சாம்பார் வேணுமான்னு கேளு'ன்னு சமையல்காரம்மாகிட்டச் சொல்லுவாரு. அந்தக்கா என் மூஞ்சியைப் பார்க்க முடியாம தரையைப் பார்த்துட்டே கேக்கும். பாப்பா வயித்துல இருக்கறப்ப மாசக்கணக்குல அப்படித்தான்."

"நீ ஏதாச்சும்…"

"மன்னிப்புக் கேட்டேன்ப்பா. எதுக்குன்னு தெரியாமலே கேட்டேன். பேசுனாரு. அப்பறம் வேற எதுக்கோ நிறுத்திட்டாரு. அத்தைகிட்டச் சொன்னேன். 'அவங்கப்பாவும் அப்படித்தான், கண்டுக்காதே' ன்னாங்க. இங்க வந்த பின்னாலதான் எனக்கு என் குரலே கேக்குது."

பக்கத்து அறையில் குழந்தை சிணுங்கியது. அவள் போகவில்லை. கலாமணி பார்த்துக்கொண்டாள்.

"நீங்கதான்ப்பா மாமாகிட்டச் சொல்லணும். நான் சொன்னா, பொம்பளைப் புள்ளை கோவத்துல பேசுதுன்னு சிரிச்சுட்டு நாள் குறிப்பாரு. அவங்க வண்டியை எடுத்துட்டு வாசல்ல வந்து நிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க."

"யோசிக்கலாம்" என்றேன்.

இடுப்பு இப்போது பரவாயில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கிராஃபைட் தண்டா, ஸ்டீல் தண்டா? நாள் முழுக்க இதே யோசனை.

ஆகஸ்ட் 6, புதன்

கடைக்காரரின் ஏழாம் நம்பரைத் திருப்பிக் கொடுத்தேன். மண் ஒட்டியிருந்ததைப் பார்த்து, "நல்லாப் பழகியிருக்கீங்க சார்" என்றார். மோல்டிங் மண் என்று சொல்லவில்லை. மறுபடி வலைக்குள் இருபது பந்து அடித்தேன். சீனியரில் நேராகப் போகிறது. விறைப்பானதில் போகவில்லை. அப்படியும் எது வாங்குவது என்று தெரியவில்லை என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெரியுது சார், உங்களுக்கு மனசு வரல" என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தூக்கம் சரியில்லை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. உலையில் இன்று ஒரு வார்ப்பு வீணாய்ப் போனது. என் கணக்குத் தப்பு. ஆறுச்சாமி, "மொதலாளி கோல்ஃப்ல எறங்கிட்டாரு" என்று மற்றவர்களிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று போனேன்.

முதல் குழியில் சொல்ல முடியாது, பின்னால் ஆட்கள் நின்றார்கள். அடுத்ததில் அவர் பந்து தண்ணீரில் விழுந்தது. கோபமாக இருப்பவரிடம் சொல்லக் கூடாது. அதற்கடுத்ததில் அவர் பிரமாதமாக அடித்தார். சந்தோஷமாக இருப்பவரிடம் எப்படிச் சொல்வது? அப்புறம் காற்று. கத்திச் சொல்ல வேண்டிய விஷயமா இது? அப்புறம் மோர். பாதிக்கு மேல் வந்தபின், இத்தனை நேரம் சொல்லாமல் இப்போது சொன்னால் இத்தனை நேரம் ஏன் சொல்லவில்லை என்பார். கடைசிக் குழியில் அவரே, "என்ன வேலு, ஏதோ சொல்ல வர்றே?" என்றார்.

"கிராஃபைட்டுங்களா, ஸ்டீலுங்களா?" என்றேன்.

"ஸ்டீல்" என்றார். "ஆம்பளைங்க ஆடறது."

வீட்டுக்கு வந்ததும் நிரஞ்சனா என் முகத்தைப் பார்த்தாள். கேட்கவில்லை. "எத்தனைப்பா?" என்றாள். "நூத்திப் பதினெட்டு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தத் தலையாட்டலுக்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 13, புதன்

கலாமணியிடம் முதல்தடவையாக இதைப் பேசினேன். அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் எனக்கு முதலில் தெரியவரும் விஷயம் கரண்ட் பில் ஒன்றுதான்.

"பேசலைங்கறதுக்காக ஊட்டை உட்டு வந்தாங்கன்னா, ஊர்ல எவளும் புருசனோட இருக்க முடியாது" என்றாள். "கல்யாணமாகி ஒரு வருசம் நீங்க எங்கூடப் பேசுனீங்களா?"

"எனக்குப் பேசத் தெரியலை கலா."

"அது தெரியும். 'தண்ணி' ன்னு சொன்னாக்கூட எம் மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னீங்க."

சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். காய் நறுக்குவதையும் நிறுத்தினாள்.

"பேர் வெச்ச அன்னிக்கு மாப்பளைக்கு நாந்தான் பந்தி வெச்சேன். 'பாயசம் போதும்னு அவகிட்டச் சொல்லுங்க அத்தை' ன்னாரு. கரண்டி அவ கையில இருக்குது. இலைக்கு நேரா நின்னுட்டிருக்கறா. கரண்டி அப்படியே நின்னுபோச்சு. நான் என்னத்தைச் சொல்றது, 'போதுமாம் சாமி' ன்னேன்." கத்தியை மறுபடி எடுத்தபடி, "போகச் சொல்லவும் எனக்கு வாய் வரலை. இருக்கச் சொல்லவும் பயமா இருக்குது. என்னைக் கேக்காதீங்க. நீங்க ஆம்பளை, ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள்.

அரை மணி நேரம் நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு பார்த்த சனிக்கிழமை ஞாபகம் வந்தது. அதைச் சொல்லி நான் சிரிக்க வேறு சிரித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பவுண்டரியிலிருந்தே பெள்ளிராஜுக்குப் போன் போட்டேன். ஊதுலைச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. "ஆமாங்க, சீனியர். கெழவன் செட்டுதான். நீளம் என் ஒசரத்துக்கு. வேற யாரு ஒசரத்துக்கும் வேண்டாமுங்க." போனை வைத்துத் திரும்பினால் மொத்த ஷிப்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி ஒன்று

சம்பந்தி திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஆட்டம் இல்லை. நிம்மதி என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

மாலையில் போன். "பன்னெண்டாம் தேதிக்கு ரெண்டு வண்டி வருது வேலு. தொட்டில் எல்லாம் புதுசு வாங்கியாச்சு. நீ எதுவும் போட்டு அனுப்ப வேண்டாம்."

"ஞாயித்துக்கெழமை நேர்ல பேசலாமுங்க" என்றேன்.

"பேசறதுக்கு என்ன இருக்குது?"

"இருக்குதுங்க."

இதற்கே எனக்கு வேர்த்துவிட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மட்டை வந்துவிட்டது. அழகெல்லாம் இல்லை. தலை கொஞ்சம் புடைத்து, நல்ல சாப்பாட்டுக்காரர் வயிறு மாதிரி. நிரஞ்சனா என்னை நிற்க வைத்து முதுகைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், தோளைத் தொட்டு ஒரு சுற்று வந்தாள். ஆஸ்பத்திரியில் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று தோன்றியது. "இப்பத்தான்ப்பா நேரா நிக்கறீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

என் பையைப் பார்த்ததும் சம்பந்தியின் முகம் மாறியது.

"என்ன வேலு இது? நான் சொல்லியிருக்கறப்ப?"

"எனக்கு நீளம் ஒத்துக்கலைங்க."

"இது கெழவனுங்க மட்டை."

"நான் கெழவன் தானுங்களே."

சிரித்தார். ஆனால் அடுத்த இரண்டு குழியும் பேச்சுக் குறைந்தது. எங்கள் பைகளைத் தூக்கி வரும் மாரிமுத்து வழக்கமாக என் பந்தைத் தேடித் தென்னந்தோப்புக்குள் போவார். இன்று போக வேலை இல்லாமல் போனது. பந்து நடுவிலேயே கிடந்தது. எனக்கே அது யாருடைய பந்தோ என்று இருந்தது.

நாலாம் குழியில் பின்னால் ஆள் இல்லை. காற்றும் நின்றிருந்தது. காரணம் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

"சம்பந்தி, வியாழக்கெழமை வண்டி அனுப்ப வேண்டாமுங்க."

"ஏன், நாள் சரியில்லையா? வேற நாள் பாக்கலாம்."

"நாளு இல்லீங்க. அம்மிணி வரலைங்க. இனிமேல் வரலை."

அவர் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "சின்னஞ்சிறுசுக. ஏதோ ஊடல். நீ இதுல தலையிடறயா?"

"மாப்பிள்ளை பேசறதில்லைங்க. மாசக்கணக்குல. வயித்துப் புள்ளைக்காரிகிட்ட, சமையல்காரம்மாவை நடுவுல வெச்சுப் பேசியிருக்கறாரு. எங்க ஊட்டுல என்னை நடுவுல வெச்சாரு. நானும் புரியாம நடுவுல உக்காந்திருந்தனுங்க."

"அவ்வளவு தானா?" என்றார். நிஜமாகவே வேறு ஏதோ பெரிதாக எதிர்பார்த்தவர் மாதிரி கேட்டார். "இதுக்கா ஒரு குடும்பத்தைக் கலைக்கறே?"

"எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சுங்க."

"யோசிச்சுப் பேசு வேலு. உன்னை இந்த மைதானத்துக்குள்ள யாரு கூட்டிட்டு வந்தா?"

"நீங்கதானுங்க. அதுக்கு நான் எப்பவும் நன்றியோட இருப்பனுங்க. ஆனா அம்மிணி வரலைங்க."

ஒருவழியாக முழுதாகச் சொல்லிவிட்டேன்.

அவர் தன் பந்தை அடித்தார். அடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "மாரிமுத்து, அவரு முறைன்னு சொல்லு" என்றார்.

நான் ஓரடி தள்ளி நின்றிருந்தேன். மாரிமுத்து என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க முறைங்களாமுங்க" என்றார்.

அடித்தேன். அடுத்த குழியில், "மாரிமுத்து, அவரு பந்து என் பந்து போற வழியில கிடக்குது, எடுக்கச் சொல்லு." எடுத்தேன். "சம்பந்தி, பேசித் திட்டிப்போடுங்க. எனக்கு அது பரவாயில்லைங்க" என்றேன். அவர் புல்லின் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது காற்றில் போனது. "மாரிமுத்து, குழிக் கொடியைப் பிடிக்கச் சொல்லு." பிடித்தேன்.

அதிகம் போனால் ஒரு மணி நேரம். கத்தவில்லை, கெட்ட வார்த்தை இல்லை, பார்த்தவர்களுக்கு இரண்டு பெரியவர்கள் அமைதியாக ஆடுவது போலத்தான் இருந்திருக்கும். ஆனால் நான் நிஜமாகவே அங்கே இருக்கிறேனா என்று ஒருதடவை என் கையைப் பார்த்துக்கொண்டேன். எட்டாம் குழியில் நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன், மன்னிப்புக் கேட்டுவிட்டால் என்ன என்று தோன்ற ஆரம்பித்தது. அப்போதுதான் பயந்துபோனேன். ஐம்பத்தெட்டு வயது ஆம்பளை, முப்பது பேருக்குச் சம்பளம் கொடுப்பவன், திரும்பிப் போகச் சொந்த வீடு இருப்பவன், ஒரு மணி நேரத்தில் இப்படி ஆகிறேன்.

ஒன்பதாம் குழி முடிந்ததும், "நான் கெளம்பறனுங்க சம்பந்தி" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாரிமுத்து கார்வரை பையைத் தூக்கி வந்து, "வீட்டுல பாப்பா நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார். ஒரு மனிதன் என்னிடம் நேராகக் கேட்டதற்கே கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொன்னேன்.

வீட்டில் கலாமணி கதவைத் திறந்தாள். "பாதியில வந்துட்டீங்க?" என்றாள். சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பூஜை அறைக்குள் போனாள். அங்கே அழுதாளா கும்பிட்டாளா தெரியாது. இரண்டுக்கும் நேரம் எடுத்துக்கொண்டாள்.

நிரஞ்சனா கட்டிலில் குழந்தைக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"சொல்லிட்டேன் அம்மிணி."

"மாமா என்ன சொன்னாரு?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. மாரிமுத்துகிட்டத்தான் சொன்னாரு."

அவளுக்கு ஒரு நிமிஷம் ஆனது. பிறகு புரிந்துகொண்டாள். நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். அவள் என் முதுகில் கை வைத்தாள், வழக்கமாக அழுத்தும் இடத்தில். அழுத்தவில்லை.

"இனி என்னென்னவோ பேசுவாங்கப்பா. வக்கீலு, பஞ்சாயத்து, ஒறம்பரை சொந்தமெல்லாம் வந்து துக்கம் கேப்பாங்க. உங்க ஞாயித்துக்கெழமையும் போச்சு." கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு ரொம்ப வருத்தமா இருக்குதாப்பா?" என்றாள்.

"இருக்காதா பின்னே" என்றேன். பெண்ணைப் பெற்றவன் அப்படித்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு முகத்தையும் அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டேன். நாளையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் இதே முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பேன்.

அவளிடம் சொல்லாதது இதுதான். மாசியிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் எங்கள் தெருவில் காரைத் திருப்பும்போது, அவள் இருக்கும் மாடி அறையில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். எரிந்தால் ஹாரன் அடிக்காமல் மெதுவாக வருகிறேன், குழந்தை தூங்கும் என்று. வியாழக்கிழமை தாண்டி, வருகிற வெள்ளிக்கிழமையும் அது எரியும். எனக்கு வருத்தமே இல்லை அம்மிணி, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.